டாக்டரிடம் சொல்ல வேண்டியது

நியூ வாட்டர்ஃபோர்டு, கேப் பிரெட்டன்
மார்ச் 6, 1994

அருமை மருமகள் மோராக்குக்கு லாக்கி மாமா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுகிறேன், என்ன கோபம் என்று கேட்டிருக்கிறாய். கோபமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. போன் என்பது சொல்ல விஷயம் இல்லாதவர்களுக்கு. என்னைப் போன்றவனுக்குக் காகிதம்தான் தாங்கும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ஹாலிஃபாக்ஸில் நுரையீரலுக்கென்றே படித்த பெரிய டாக்டர் ஐசனர் என்னைப் பார்க்க ஆசைப்படுகிறார். செப்டம்பர் இருபதாம் தேதி. அவ்வளவு தூரம் தள்ளி நாள் கொடுத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்துக்கொள். நம்மூர் டாக்டர் என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"லாக்கி, காஞ்ச பனி மேல பூட்ஸ் போட்டு நடக்குற மாதிரி கேக்குதே. இப்பிடி ஒரு சத்தத்த நான் கேட்டதில்ல."

"எப்பிடிக் கேட்டிருப்ப? பேக்பைப் வாசிக்கிறவன் முதுகுல என்னிக்காவது காது வச்சிருக்கியா?" என்றேன். உடனே ஹாலிஃபாக்ஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டான்.

இருமல் கொஞ்சம் உண்டு. வறட்டு இருமல். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் இருமினால் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நான் முடிக்கும்வரை காத்திருக்கிறார். பிஷப் வந்தால்கூட அந்த மரியாதை கிடையாது. கட்டிலைக் கீழே சமையலறைக்கு இறக்கிவிட்டேன். மாடி ஏற முடியாமல் அல்ல. அடுப்புக்குப் பக்கத்தில் படுப்பது ராஜபோகம், அதற்காக. உடம்பும் வாலிபத்துக்குத் திரும்பிவிட்டது. உன் மாமியைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று கட்டிய கில்ட் பாவாடை இன்று இடுப்பில் நிற்கிறது, இன்னும் ஒரு சுற்றுக்கு இடம் இருக்கிறது. விரல் நுனியெல்லாம் முரசுக் கோல் மாதிரி உருண்டு, நகம் கரண்டியைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருக்கிறது. இத்தனை வருஷம் பையில் காற்றை ஊதிப் பைப் வாசித்தவனுக்குத்தான் கடவுள் இப்படி விரல் கொடுப்பார்.

காரணம் என்ன என்று கேட்கிறாய். இந்த ஊரில் அதை ஒரு கேள்வி என்று கேட்கலாமா? கரித்தூசி! கடலுக்கு அடியில் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் குனிந்த முதுகு இது. வெடிவிபத்து நடந்த அன்று எல்லோரும் வெளியே ஓட, கையில் விளக்கோடு உள்ளே போனவன் ஒருவன். அதனால்தான் இன்றைக்கும் ஊர் என்னை 'விளக்கு லாக்கி' என்கிறது. ஐசனரிடம் இதையெல்லாம் விரிவாகச் சொல்வேன். நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

நம் வீட்டின் மறுபாதியில் இருக்கும் டங்கன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அவனுக்கும் கரி நுரையீரல்தான். ஆனால் என்னுடைய அளவுக்கு இல்லை.

அன்புடன்
மாமா லாக்கி பீட்டன்


ஹாமில்டன், ஒன்டாரியோ
மார்ச் 20

அன்புள்ள மாமா,

போனை ஏன் வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இருமல் வருகிறது. அது என் காதில் விழக்கூடாது என்று வைக்கிறீர்கள்.

நான் பிரசவ வார்டு நர்ஸ். நுரையீரலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பிறந்த குழந்தை அழுதால் நல்லது என்பது மட்டும்தான். அதனால் எங்கள் ஆஸ்பத்திரி மார்பு டாக்டரைச் சாப்பாட்டு வரிசையில் பிடித்து உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். இருமல், மூச்சு, இளைப்பு எல்லாவற்றுக்கும் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். விரல் நகத்தைச் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பயமுறுத்த எழுதவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். சில நோய்களில் அது தோல் செருப்பு மாதிரி விறைத்துவிடும். கரித்தூசி ஒரு காரணம். ஆனால் அது மட்டும் அல்ல. ஈர வைக்கோலைப் புரட்டும் விவசாயிக்கு வருகிறது. புறா வளர்ப்பவருக்கு வருகிறது. சுவரில் பூஞ்சணம் பூத்த வீட்டில் இருப்பவருக்கு வருகிறது. சிலருக்கு ஏன் என்றே தெரியாமல் வருகிறது. மூச்சில் போகிற ஏதோ ஒன்றால் வருவதாக இருந்தால், அது எது என்று சீக்கிரம் கண்டுபிடித்து விலகினால் நோய் அங்கேயே நிற்கலாம். நாளாகிவிட்டால் வடு விழுந்துவிடும். வடு விழுந்த இடம் மறுபடி நுரையீரல் ஆகாது.

இதில் டாக்டருக்கு உதவி நோயாளியின் வாய்தான் என்றார். படம் எடுத்தால் வடு தெரியும், வடு எப்படி வந்தது என்பது தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இதற்கு மட்டும் பூச்சூட்டாமல் பதில் எழுதுங்கள். வாசலில் புறா, கோழி ஏதாவது உண்டா? நிலவறையில் ஈரமா? காய்ச்சல் வருகிறதா, வந்தால் எப்போது? எங்கேயாவது போயிருந்தபோது இருமல் குறைந்ததா? கேட்கச் சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள்.

மோராக்


நியூ வாட்டர்ஃபோர்டு
ஏப்ரல் 10

மருமகளே,

கேட்டது பூராவும் படித்தேன். டாக்டர் வரிசையில் நின்று சாப்பிடுகிறார் என்றால் அது என்ன ஆஸ்பத்திரி? இருக்கட்டும்.

புறா இல்லை. ஒரு கடற்காக்கை உண்டு. போன வாரம் ஜன்னலில் ஆற வைத்த மீன் வடையைத் தட்டோடு கொண்டுபோனது. வைக்கோல் இல்லை. நிலவறை எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. என் வீட்டில் ஈரம் என்று இருப்பது ரம் பாட்டில் ஒன்றுதான்.

காய்ச்சல் என்று சொல்ல முடியாது. பைப் வாசித்த அன்று சாயங்காலம் உடம்பில் ஒரு சூடு ஏறும். கொஞ்சம் நடுக்கம், மூட்டு வலி, நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. காலையில் போய்விடும். அது நோய்ச்சூடு இல்லை. கலைஞனுக்கு வாசித்த பிறகு இறங்க வேண்டிய சூடு இறங்குகிறது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் டங்கனுக்கு அது வராது.

எங்கே குறைந்தது என்று கேட்டாயே, உன் வீட்டில்தான்! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்து பனி உருகும்வரை இருந்தேனே, ஒரு இருமல் இருமினேனா? உன் குடியிருப்பில் ஏழு மாடியையும் லிஃப்ட் கெட்டிருந்தபோது ஏறினேன். உன் டாக்டர்கள் சுத்தமான காற்று, சுத்தமான காற்று என்று அடித்துக்கொள்கிறார்களே, சுத்தமான காற்று இங்கே கடலிலிருந்து அடிக்கிறது, இருமுகிறேன். உங்கள் ஊர் உருக்காலைப் புகையை இழுத்தேன், நின்றுவிட்டது. கரியில் ஊறிய நுரையீரல், புகையைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி துள்ளுகிறது. இதைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு பத்திரிகைக்கு எழுதலாம் என்று இருக்கிறேன்.

இங்கே திரும்பிய கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பித்தது. உன்னைப் பிரிந்த ஏக்கம்.

ஒன்றும் செய்யாமல் செப்டம்பருக்குக் காத்திருக்கிறேன் என்று நினைக்காதே. நுரையீரலுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காலையும் மாலையும் பைப். உன் குடியிருப்பில்தான் அந்த மேலாளர்ப் பொடியன் வாசிக்கக்கூடாது என்று தடுத்துவிட்டான், பைப்பை டங்கனிடம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இங்கே யார் தடுப்பது? பைப்புக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் ஆட்டுத்தோல் பை கசிந்தது, இந்தக் குளிர்காலத்தில் நானே பதப்படுத்தினேன். வெதுவெதுப்பான பால், மொலாசஸ் என்கிற கரும்புப் பாகு, முட்டையின் வெள்ளை. என் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்த பக்குவம். ஊற்றிப் பிசைந்து, உபரியை வடித்துவிட்டு உடனே வாசிக்க வேண்டும். முக்கியம், உலர விடவே கூடாது. மற்றவர்களின் பை வெடிப்பதற்குக் காரணம் அவர்கள் அதைக் காயப் போடுவது. என் பை வாங்கிய நாளிலிருந்து காய்ந்ததே இல்லை. வாயைத் திறந்தால் கோயில் நிலவறை மாதிரி ஒரு பழைய வாசனை. உள்ளே விரலை விட்டால் பச்சையும் கறுப்புமாக வெல்வெட் விரித்த மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த மெத்தைதான் என் ஒலியை அவ்வளவு மென்மையாக்குகிறது. பெர்னி கில்லிஸ் நடத்தும் இசைக்குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் இதே பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தீவிலேயே இப்படி ஒலிக்கும் குழு வேறு இல்லை.

போதுமா? பூச்சூட்டாமல் எழுதிவிட்டேன்.

மாமா


ஹாமில்டன்
மே 2

மாமா,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த மார்பு டாக்டரிடம் ஓடினேன். கடற்காக்கையைப் படித்துச் சிரித்தார். உருக்காலைப் புகைக்கு இன்னும் சிரித்தார். பைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. திரும்ப முதலிலிருந்து படித்தார்.

பைப் வாசித்த சாயங்காலம் காய்ச்சல். பைப் இல்லாமல் என் வீட்டில் இருந்தபோது இருமலே இல்லை. திரும்பிப் போய் வாசித்ததும் மறுபடி. மாமா, அந்தப் பச்சை வெல்வெட் பூஞ்சணம். பாலும் பாகும் ஊற்றி நீங்கள் அதற்குச் சோறு போடுகிறீர்கள். ஒவ்வொரு தடவை பை நிரம்பும்போதும், நீங்கள் குழலிலிருந்து வாயை எடுத்து மூச்சை இழுக்கும்போதும், அது உள்ளே போகிறது. "உறுதியாச் சொல்ல நான் அவரைப் பாக்கல. ஆனா எனக்கு அவர் மாமாவா இருந்தா இன்னிக்கே அந்தப் பையப் பிடுங்கிருவேன்" என்றார்.

அதனால் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, இன்றோடு வாசிப்பதை நிறுத்துங்கள். பையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, ஹாலிஃபாக்ஸ் போகும்போது டாக்டர் ஐசனரிடம் கொடுங்கள். அதற்கு முன்னால் நாள் கிடைக்குமா என்று நானும் அவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன்.

மற்றது எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். சாவதற்கு முன்னால் அம்மா என்னிடம் சொன்னாள்: "உங்க மாமா ஒரு நாளும் அடியில எறங்கினதில்லடி. விளக்கறையில இருந்தான். வேலைக்குப் போறவங்களுக்கு விளக்கு எடுத்துக் குடுப்பான், வந்தா வாங்கி வைப்பான். அவன் சொல்றதக் கேட்டுக்கிட்டு இரு, மறுத்துப் பேசாத." இத்தனை நாள் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள் இருந்தேன் என்று நீங்கள் சொன்னால், அந்த டாக்டர் கரித்தூசி என்று எழுதிவிட்டு மூடிவிடுவார். அதற்குமேல் வேறு காரணம் தேட மாட்டார். நீங்கள் வீட்டுக்கு வந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வீர்கள்.

கதையை ஊரில் எல்லோரிடமும் சொல்லுங்கள். எனக்கும் சொல்லுங்கள். அந்த ஒரு அறையில் மட்டும் வேண்டாம்.

மோராக்


ஹாமில்டன்
ஜூன் 19

மாமா,

பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கோபத்தோடு வாசித்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள். முன்னதாக நாள் தர முடியாது என்று ஐசனர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

மோராக்


நியூ வாட்டர்ஃபோர்டு
ஜூலை 3

மோராக் அம்மையார் அவர்களுக்கு,

கோபமா? எனக்கா? ஒரு சின்னப் பெண் எழுதியதற்கெல்லாம் கோபப்பட நான் என்ன டங்கனா?

முந்தாநாள் கனடா தின ஊர்வலத்தில் பழைய படைவீரர் சங்கத்து லீஜியன் ஹாலிலிருந்து துறைமுகம்வரை குழுவுக்கு முன்னால் நின்று வாசித்தவன் நான். நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். மூச்சு வாங்குவதற்கு அல்ல, ஜனங்கள் கைதட்ட இடம் கொடுப்பதற்கு. டங்கன் எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் விரித்தான். மரியாதைக்கு உட்கார்ந்தேன். பாக்கித் தூரம் பெர்னியின் லாரியில் வந்தேன், பின்பக்கம் நின்றுகொண்டு, ராணி மாதிரி கையசைத்துக்கொண்டு.

உன் அம்மா என் தங்கை. சின்ன வயதிலிருந்தே என்மேல் பொறாமை. செத்தவளைப் பற்றிப் பேசக்கூடாது. அவள் சவ அடக்கத்தன்று மழையில் நின்று வாசித்தேனே, இதே பையில்தான். அப்போது நீ அழுதாய். "மாமா, நிறுத்தாதீங்க" என்று சொன்னாய். இப்போது அதே பையைப் பிளாஸ்டிக்கில் கட்டு என்கிறாய்.

முப்பாட்டன் காலத்திலிருந்து ஆட்டுத்தோலும் பாகும் ஊதிய வம்சம் நாங்கள். ஒருத்தரும் பைப்பால் சாகவில்லை. கடல், கரி, குடி, கல்யாணம், இவற்றால்தான் செத்தார்கள். நான் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கதை, என் வாய். இப்போது மத்தியானமும் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
லாக்லின் ஜோசப் பீட்டன்
(விளக்கு லாக்கி என்று தீவு முழுதும் அறியப்பட்டவர்)

பின்குறிப்பு: படம் எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்களாமே. எவ்வளவு நேரம் பிடிக்கச் சொல்வார்கள்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


ஹாமில்டன்
ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமா,

கொஞ்ச நேரம்தான். ஒரு மங்கள வார்த்தை செபத்தில் பாதி சொல்லும் நேரம். முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள், திரும்ப எடுப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தப் படம் எடுப்பவர்கள் நாள் முழுதும் மூச்சு இல்லாதவர்களைத்தான் பார்க்கிறார்கள்.

டங்கனிடம் போனில் பேசினேன். உங்களைக் கேட்காமல் பேசினதற்கு மன்னிக்க வேண்டாம், மறுபடியும் பேசுவேன். அவர் சொன்னார்: "நடுச்செவுரு பலகைதான பிள்ள, எல்லாம் கேக்கும். முன்னெல்லாம் பாட்டு கேக்கும், அப்புறம் இருமுவான். இப்ப இருமல்தான் கேக்குது, நடு நடுவுல கொஞ்சம் பாட்டு." அவரைத்தான் உங்களைக் காரில் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் அறைக்குள்ளேயும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். நான் லீவு கேட்டேன், கிறிஸ்துமஸ்வரை கிடையாது என்றுவிட்டார்கள். வார்டில் ஆள் இல்லை.

உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. நகம் அப்படி வளைந்திருந்தால் நாள் பட்டிருக்கிறது, இப்போது உண்மையைச் சொன்னாலும் பெரிதாக மீளாது என்று அந்த மார்பு டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அப்படியானால் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். மிச்சம் இருப்பதற்காக, மாமா. மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதற்காக.

மோராக்


நியூ வாட்டர்ஃபோர்டு
செப்டம்பர் 24

மருமகளே,

போய்விட்டு வந்தோம். விடியுமுன் கிளம்பினோம். பெர்னி தன் காரைக் கொடுத்தான், டங்கன் ஓட்டினான். ஒருத்தனுக்கு மூச்சு வாங்கினால் இன்னொருத்தன் கண்ணாடியை இறக்குவான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முழு நுரையீரல் இருந்திருக்கும்.

பைப்பைப் பெட்டியோடு எடுத்துப்போனேன். நீ சொன்னதற்காக அல்ல. அந்த ஐசனர் என் மூச்சைச் சந்தேகப்பட்டால் அங்கேயே ஒரு பாட்டு வாசித்துக் காட்டலாம் என்று. ஆள் பார்த்தால் ஒரு சின்னப் பெண். கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்க வந்த சிறுமி மாதிரி இருக்கிறாள். கண்ணாடி மட்டும் பெரியது.

முதலில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, வாயில் குழாயைக் கொடுத்து, முழு பலத்தோடு ஊதச் சொன்னாள், அங்கே இயந்திரம் பார்க்கும் வேறொரு பெண். "பொண்ணே, தள்ளி நின்னுக்கோ, கூண்டு வெடிச்சா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு ஊதினேன். என்னிடம் இருந்ததையெல்லாம் ஊதினேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சரிங்க தாத்தா, தயாராயிட்டா இப்ப ஊதுங்க."

நான் ஊதி முடித்திருந்தேன்.

பிறகு ஐசனர் அறை. டங்கனும் உள்ளே வந்து உட்கார்ந்தான். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். கடலுக்கு அடியில் எவ்வளவு தூரம், எவ்வளவு இருட்டு, இருபத்தாறு வருஷம். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். வெடிவிபத்துக்கு வந்துகொண்டிருந்தேன், அப்போது டங்கன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"போதும்டா லாக்கி."

"என்னடா போதும்?"

"டாக்டரம்மா, எழுதினத அடிச்சிருங்க. இவன் கீழ எறங்கினதில்ல. மேல விளக்கறையில சன்னலுக்குப் பின்னால நின்னவன். தெனம் காலைல எனக்கு விளக்கு எடுத்துக் குடுத்தது இவன்தான், சாயங்காலம் வாங்கி வச்சதும் இவன்தான். கரித்தூசி எனக்கு. இவனுக்கு வேற என்னமோ."

"நான் எறங்கியிருக்கேன்" என்றேன்.

"ஒரு தடவ. பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட, சுத்திப் பாக்க."

"விளக்கு லாக்கின்னு சும்மாவா கூப்பிடுறாங்க?"

"விளக்கறையில இருந்தா வேற எப்பிடிடா கூப்பிடுவாங்க?"

ஐசனர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுதியதை ஒரே கோடாக அடித்தாள். பெட்டியில் என்ன என்று கேட்டாள். திறந்தேன். பையின் கட்டை அவிழ்த்ததும் வாசனை வந்தது. எழுந்து நின்றுவிட்டாள். "மூடுங்க. தயவுசெஞ்சு மூடிருங்க." மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, அவளே கட்டினாள். கடைசியாக எப்போது வாசித்தீர்கள் என்றாள். நேற்று என்றேன். "இன்னிக்குக் காலைல, கார்ல ஏறுறதுக்கு முந்தி" என்றான் டங்கன். அவன் வாயை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தேனோ.

படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினாள். மேல்பக்கம் கொஞ்சம் நன்றாக இருக்கிறதாம். கீழே தேன்கூடு மாதிரி ஆகிவிட்டதாம். "தேன் எங்கேம்மா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். கீழே போனது திரும்பாது. மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் வரும். ஆக வேண்டியவற்றை எழுதி முடித்துவிடச் சொன்னாள். சில வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை.

பையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். குழல்களை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

 தீவுக்குத் திரும்பும் வழியில் கான்சோ பாலத்தில் கேட்டேன், "எப்பலருந்துடா உனக்குத் தெரியும்?"

"மொத நாளே. கீழ இருந்தது நாங்கதான. நீ இல்லன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒருத்தனும் சொல்லல?"

அவனுக்கு இருமல் வந்தது. முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"நீ சொன்னது நல்லா இருந்துச்சுடா. நாங்க கீழ பாத்ததவிட நல்லா இருந்துச்சு."

மாமா


ஹாமில்டன்
அக்டோபர் 9

அன்புள்ள மாமா,

டாக்டர் ஐசனர் என்னோடு போனில் பேசினார். பையின் உட்புறத்தைச் சுரண்டிச் சோதனைச்சாலையில் வளர்த்தார்களாம். பல வகைப் பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது. உங்கள் ரத்தத்திலும் உடம்பு அதே பூஞ்சணங்களை எதிர்த்த அடையாளம் இருக்கிறது. சந்தேகம் இல்லை என்றார். மாத்திரையால் மூச்சு இன்னும் மோசமாகாமல் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், அதுவும் நிச்சயம் இல்லை என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். குளிர்காலத்தைத் தாண்டட்டும், பிறகு பேசலாம் என்றார். நான் நர்ஸ், மாமா. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதுவதற்கு முன்னால் நிறையக் கிழித்துப் போட்டேன். ஆறுதல் சொல்ல ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

ஒன்று உண்டு. பெர்னியின் குழுவில் இருக்கிற எல்லோருடைய பையும் உங்கள் பக்குவம்தான் என்று எழுதியிருந்தீர்கள். பாலும் பாகும், காயவே விடக்கூடாது என்பதும். அவர்களெல்லாம் சின்ன வயதுக்காரர்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தோல் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போது வருகிற செயற்கைத் துணிப் பையை மாட்டச் சொல்லுங்கள். வாசித்ததும் துடைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுத்தவர் நீங்கள், நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

மோராக்


நியூ வாட்டர்ஃபோர்டு
நவம்பர் 6

அன்பு மருமகளே,

ஆக்ஸிஜன் இயந்திரம் வந்துவிட்டது. டங்கனுடையதைவிடப் பெரியது. குழாயும் நீளம், கழிப்பறைவரை வருகிறது. அவனுடையது நடைபாதையிலேயே நின்றுவிடும். வெளியே போக ஒரு சிலிண்டரும் தள்ளுவண்டியும் கொடுத்திருக்கிறார்கள்.

நீ சொன்னபடி அந்தத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, குழுவுக்குப் பயிற்சி நடக்கும் அன்று லீஜியன் ஹாலுக்குப் போனேன். டங்கனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், அவனுக்கு அன்று கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தனியாகத்தான் போனேன். பாட்டு முடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து சொன்னேன். உங்கள் பையெல்லாம் விஷம், நான் சொல்லிக்கொடுத்த பக்குவம் தப்பு, என் நுரையீரலைத் தின்றது கரித்தூசி இல்லை, என் பைதான் என்று.

எல்லோரும் சிரித்தார்கள்.

பெர்னி சொன்னான்: "லாக்கியண்ணே, போன வருஷம் கரித்தூசின்னீங்க. அதுக்கு முந்தி சண்டையில வெஷப்புகைன்னீங்க. இப்ப மொலாசஸா?"

"அடுத்த வருஷம் என்னன்னே, திமிங்கிலமா?" என்றாள் குழுவில் பின்வரிசையில் நிற்கும் மெக்கின்டயர் வீட்டுப் பெண்.

"சத்தியமாடா, ஹாலிஃபாக்ஸ்ல பெரிய டாக்டர் சொன்னா. பைய அவங்களே புடுங்கி வச்சிக்கிட்டாங்க" என்றேன். சிரிப்பை நிறுத்தினார்கள். கேட்கத் தொடங்கினார்கள், மோராக். பார்த்தேன், பெர்னி தன் பையைக் கையில் எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. பையைத் திறந்ததும் நாலு டாக்டர்கள் மயங்கி விழுந்தார்கள், ஒருத்தருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று சேர்த்துவிட்டேன். ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவுதான், ஹால் முழுதும் சிரிப்பு. ஒருத்தன் ரம் ஊற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். முதுகில் தட்டினார்கள். இதுதான் அண்ணன் இதுவரை சொன்னதிலேயே பெரிய கதை என்றார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.

பெர்னி ரொம்ப நேரம் சிரித்தான். சிரித்து முடிக்கையில் இருமினான். வறட்டு இருமல். வாசித்த அன்று சாயங்காலம் உடம்பு சுடுகிறதா என்று கேட்டேன். "ஆமாண்ணே, நீங்க சொல்வீங்களே, கலைஞனுக்கு வர்ற சூடு" என்றான்.

வீட்டுக்கு நடந்து வர முடியவில்லை. அவனேதான் காரில் கொண்டுவந்து விட்டான்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போன் போட்டேன். பேச ஆரம்பித்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் மனைவி, நல்லா நடிக்கிறீங்க மாமா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நேற்றும் பயிற்சி நடந்தது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் என் சமையலறைக்குக் கேட்கும். நன்றாக வாசிக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அதனால் நீ எழுது. பெர்னி கில்லிஸ், லீஜியன் ஹால் என்று முகவரி போட்டால் போய்ச் சேரும். நர்ஸ் என்று கீழே போடு, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதினால் இன்னும் நல்லது. அந்த ஐசனர் பெண்ணிடமும் இரண்டு வரி வாங்கிச் சேர். பூஞ்சணம், காய்ச்சல், வடு, நீ எனக்கு முதலில் எழுதினாயே, அந்த மாதிரி வெறும் சொல்லாக எழுது. என் பெயரை எங்கேயும் போடாதே. நான் கேட்டு எழுதுகிறாய் என்றும் சொல்லாதே. ஒரு பைப் வாசிக்கிறவர் என்று போடு, போதும். என் பெயரைப் பார்த்தால் மறுபடி சிரிப்பார்கள்.

எழுதியதும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. என்ன நடந்தது என்று நானும் படித்துப் பார்க்கிறேன்.

மாமா